கட்டடம் வந்துவிடும், சம்பளம் எங்கிருந்து வரும்?

செட்டிநாட்டுப் பக்கம் ஊராட்சிக்கு நன்கொடை வருவதற்கென்று ஒரு பருவம் உண்டு. கல்யாண மாதங்களில், அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி, கும்பாபிஷேகம் முடிந்த கையோடு, சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்கு வந்திருப்பவர்கள் ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு நடை வருவார்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: "கட்டடத்தை நான் கட்டித் தந்துர்றேன், மிச்சத்தை நீங்க பாத்துக்கங்க."

அந்த மிச்சம் பற்றித்தான் இந்தப் பதிவு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பகல்நேர மையம், தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் செய்யும் பராமரிப்பு என்று எதை எடுத்தாலும் கட்டடம் அதில் சின்னப் பங்குதான். ஆள், வண்டி, சாப்பாடு இந்த மூன்றுதான் மாதாமாதம் பணம் தின்னும். ஊராட்சியின் பொது நிதியோ குடிநீர், தெருவிளக்கு, மோட்டார் இயக்குபவர் சம்பளம், தூய்மைப் பணி ஆகியவற்றுக்கே இழுபறி. அதனால் நன்கொடையை வாங்கும் முன் ஒரு தாளை எடுத்து மாதச் செலவை எழுதிவிட வேண்டும்.

பகல்நேர மையத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 குழந்தைகள், மாதம் 22 வேலை நாள். சிறப்பு ஆசிரியர் ஒருவர் 18,000 ரூபாய். பராமரிப்பு உதவியாளர் ஒருவர் 10,000. இயன்முறை மருத்துவர் வாரம் இரண்டு முறை வர, ஒரு வருகைக்கு 1,000 வீதம் 8,000. வேன் வாடகை 20,000. சாப்பாடும் சிற்றுண்டியும் தலைக்கு நாளுக்கு 40 ரூபாய் வீதம் 13,200. மின்சாரம், சுத்தம், சில்லறைப் பழுது 5,000. மொத்தம் மாதம் 74,200, ஆண்டுக்கு 8,90,400. ஊருக்கு ஊர் தொகை மாறும், விகிதம் பெரிதாக மாறாது. 25 லட்ச ரூபாய்க் கட்டடம் ஒன்றை மூன்று ஆண்டு நடத்தினால், நடத்திய செலவு கட்டடத்தின் விலையைத் தாண்டிவிடுகிறது. இந்தத் தாளைக் கொடையாளர் கையில் கொடுத்த பிறகுதான் அடிக்கல் நாள் குறிக்க வேண்டும். கொடுத்தால் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் ஊராட்சித் தரப்பில் எப்போதும் உண்டு. கணக்கைப் பார்த்துப் பின்வாங்குகிறவர், மையம் திறந்த ஆறாவது மாதத்தில் எப்படியும் பின்வாங்கியிருப்பார்.

பணத்தை முதலாகப் போட்டு வட்டியில் நடத்தலாமே என்பார்கள், அது இந்த மண்ணுக்கே உரிய யோசனை. ஆண்டுக்கு 8,90,400 ரூபாய் வட்டி வர வேண்டுமானால், 6.5 சதவீதத்தில் சுமார் 1 கோடியே 37 லட்சம் வைப்பில் இருக்க வேண்டும். அதுவும் முதலாண்டுக் கணக்குதான். ஆண்டுக்கு 6 சதவீதம் சம்பளமும் டீசலும் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். வட்டி அப்படியே நிற்கும். வட்டியில் ஒரு பகுதியைத் திரும்ப முதலில் சேர்க்காத வைப்புநிதியெல்லாம், எண்ணெய் வாங்கக்கூடப் போதாத பழைய கோயில் விளக்குக் கட்டளை ஆகிவிடும்.

அதைவிட நடைமுறையில் நிற்பது மண்டகப்படி முறை. திருவிழாவில் நாளுக்கு ஒரு குடும்பம் ஏற்பதுபோல மாதத்துக்கு ஒரு குடும்பம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 74,200. பங்காளிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். புள்ளிக்கு, அதாவது கோயில் வரிக் கணக்கில் ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்துக் கட்டிப் பழகிய ஊர்களில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, மாதம் பிறப்பதற்கு 30 நாள் முன்பே பணம் வந்திருக்க வேண்டும். இரண்டு, தொடங்கும் முன் மூன்று மாதச் செலவான 2,22,600 ரூபாய் தனியாக இருப்பில் இருக்க வேண்டும். பன்னிரண்டில் இருவர் எப்படியும் தாமதிப்பார்கள், உறுதியாகச் சொல்லலாம்.

பெரிய கொடையும் யார் நடத்துவது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் பயன் தரும் என்பதற்கு காரைக்குடியிலேயே சான்று உண்டு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆண்டாண்டுச் செலவை மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு தன் தலையில் ஏற்றது. ஊராட்சிக்கு அப்படி ஒரு தோள் கிடையாது. எனவே அந்தப் பதிலை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

யாருடைய பணம்?

இந்த ஊர்களில் மிக அதிகம் சிக்கல் தருவது இதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பணமெல்லாம் வெளிநாட்டு நன்கொடை என்று பயப்படுகிறவர்களும் உண்டு, நம்ம ஊர்க்காரர் தருவது எப்படி வெளிநாட்டு நன்கொடையாகும் என்று கேட்பவர்களும் உண்டு. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பார்ப்பது குடியுரிமையை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலோ கோலாலம்பூரிலோ சம்பாதித்த தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டவர் தந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. பெயர், குலக்கோயில், ஊரில் இருக்கும் வீடு எதுவும் இதை மாற்றாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பதும் மாற்றாது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி சிங்கப்பூர்க் குடிமகன் என்று இருப்பது இங்கே சாதாரணம். இருவரும் சேர்ந்து ஒரே காசோலையாக அனுப்பினால் மொத்தமும் குழப்பம். மண்டகப்படி மாதத்தைப் பங்கு பிரிக்கும்போதே ஆளாளுக்குத் தனித்தனியாக அனுப்பச் சொல்லி, பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

குடியுரிமை மாறியவர்களின் பணத்தை ஊராட்சிக் கணக்கில் நேரடியாகப் போடச் சொல்லாதீர்கள். ஊராட்சித் தலைவர் பொது ஊழியர். அவர் பெயரில் வாங்குவது இன்னும் மோசம், சட்டமே தடுக்கிறது. நேர்வழி என்னவென்றால், அந்தச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்று அந்தப் பணத்தை வாங்கி, தானே செலவு செய்வது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப் பணம் வாங்கும் கணக்கு புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க முடியும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 'அறக்கட்டளை வாங்கி ஊராட்சிக்கு அனுப்பும், ஊராட்சி செலவு செய்யும்' என்று எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் இந்த இடத்தில்தான் உடையும். மாற்று ஏற்பாடு எளிது. இடமும் பயனாளிப் பட்டியலும் ஊராட்சியுடையது. ஆள் நியமனம், சம்பளம், வேன் பில் எல்லாம் அறக்கட்டளையுடையது. ஊராட்சிக் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறாது, ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏற்பாடு முழுவதும் பதிவாகும். சிறப்பு ஆசிரியர் சம்பளம்போல நேரடியாகச் சேவைக்கான செலவு அந்த 20 சதவீதத்தில் சேராது என்பதையும் அறக்கட்டளையின் ஆடிட்டருக்கு நினைவூட்டுங்கள். சிலர் எல்லாச் சம்பளத்தையும் நிர்வாகச் செலவில் தள்ளிவிட்டு, வரம்பு தாண்டிவிட்டது என்று கையை விரிப்பார்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர்., வேறு தாளத்தில் வரும். ஜனவரி, பிப்ரவரியில் திடீரென்று போன் வரும்: மார்ச் 31க்குள் பில் வேண்டும். அந்த அவசரத்தில் வாங்கப்படுவது கம்ப்யூட்டரும் பீரோவும் சக்கர நாற்காலியும்தான். அப்போது கேட்க வேண்டியது ஒன்றே: இதைத் தொடர்நிலைத் திட்டமாக வகைப்படுத்துவீர்களா? அப்படி வகைப்படுத்தினால் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் செலவு செய்ய நிறுவனச் சட்டம் இடம் தருகிறது. பீரோ வாங்கும் பணம் அப்படி இரண்டு ஆண்டுச் சம்பளமாக மாறும். கட்டடம் அல்லது வண்டி வாங்கினால் அந்தச் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. ஊராட்சிபோல ஒரு பொது அதிகார அமைப்பின் பெயரிலோ, சி.எஸ்.ஆர். பதிவு எண் உள்ள அறக்கட்டளையின் பெயரிலோ, பயனாளிகளின் கூட்டமைப்பு பெயரிலோ இருக்க வேண்டும். வேன் யார் பெயரில் என்பதை யோசித்துச் செய்யுங்கள். பெயர் யாருடையதோ, இன்சூரன்ஸும் வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி.யும் அவர்கள் பொறுப்பு.

சக்கர நாற்காலி பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதே உபகரணத்தை எந்த வழியிலாவது மூன்று ஆண்டுக்குள் பெற்றிருந்தால் தகுதி இல்லை. 12 வயதுக்குக் கீழ் என்றால் ஓராண்டு. மேடையில் வைத்துக் கொடுத்த தரமில்லாத நாற்காலி, உடலுக்கு அளவெடுத்துச் செய்த நல்ல நாற்காலியைத் தடுத்துவிடக் கூடும். கொடையாளருக்கு வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் டயர், பேரிங், பிரேக் பழுதுபார்க்கும் செலவை ஏற்கச் சொல்லுங்கள். அதற்கு எந்தத் திட்டத்திலும் பணம் கிடைப்பது அரிது.

பள்ளிக்கூடத்துக்கென்று வரும் கொடை என்றால் ஊராட்சி நடுவில் நிற்கவே தேவையில்லை. 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகக் கொடுக்கச் சொல்லிவிடலாம்.

கணக்கு

சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று கடல் கடந்து லேவாதேவிக் கணக்கு எழுதிய ஊர்கள் இவை. கொடை நிதிக் கணக்கும் அதே ஒழுங்கைத்தான் கேட்கிறது: அன்றாட வரவு செலவு, ஆளுக்கொரு பக்கம், மாதக் கடைசியில் நேர்செய்தல். தவறு நடப்பது கணக்கு எழுதத் தெரியாததால் அல்ல, பணம் போய் விழும் இடத்தால். நன்கொடை பொது நிதிக் கணக்கில் விழுந்தால், அந்த மாதம் மின்வாரியமோ சம்பளமோ அதை விழுங்கிவிடும். யாரும் திருடியிருக்க மாட்டார்கள். பணம் மட்டும் இருக்காது. எனவே குறிப்பிட்ட நோக்கத்துக்கான தனி வங்கிக் கணக்கு வேண்டும். அதற்கு ஊராட்சித் தீர்மானமும் வட்டார வளர்ச்சி அலுவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வாங்குங்கள். காசோலை ஊராட்சியின் பெயரில் மட்டும்.

அதோடு ஒரு நன்கொடைப் பதிவேடு. தேதி, கொடையாளர் பெயர், பான் எண், குடியுரிமை, நோக்கம், விதித்த நிபந்தனை, தொகை, ரசீது எண், செலவுச் சீட்டு எண், மீதி. இதில் 'நிபந்தனை' என்ற பத்தியைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுகிறார்கள். 'வேனுக்கு மட்டும்' என்று கொடுத்ததைச் சாப்பாட்டுக்குச் செலவு செய்தால் பயன்பாட்டுச் சான்றிதழ் தரும் நாளில் மாட்டிக்கொள்வோம். நோக்கத்தை மாற்ற வேண்டியிருந்தால் செலவுக்கு முன்பே கொடையாளரிடம் இரண்டு வரி ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாட்ஸ்ஆப் செய்தி போதாது, அச்செடுத்துக் கையெழுத்தாகட்டும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, தலைவரோ, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரோ சுருக்கொப்பம் இட வேண்டும்.

வரிச் சலுகை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். உள்ளாட்சி அமைப்புக்கு அறச்செயலுக்கெனத் தரும் நன்கொடையில் பாதிக்குக் கழிவு உண்டு, வருமானத்தில் 10 சதவீத வரம்புக்கு உட்பட்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடையாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், 80ஜி என்று பிரிவு எண்ணை அச்சடித்த பழைய ரசீதுப் புத்தகங்களை அப்படியே கிழித்துக் கொடுக்காதீர்கள்.

கையெழுத்து விஷயம். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிடுவதுதான் முறை. சிவகங்கை, புதுக்கோட்டை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். இப்படி மாறும் காலத்தில் ஒப்பந்தம் ஆளின் பெயரில் இருந்தால் அடுத்தவர் தனக்குச் சம்பந்தமில்லை என்பார். பதவியின் பெயரில், தீர்மான எண்ணோடு, அலுவலக முத்திரையோடு எழுத வேண்டும். 2024இல் மாநகராட்சியான காரைக்குடியில் மன்றத் தீர்மானமும் ஆணையர் ஒப்பமும். கிராமங்களில் இயன்றவரை கிராமசபையிலும் வைத்துவிடுங்கள்; ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற பழைய நான்கோடு இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு கூடியிருப்பதால் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் அடிக்கல்லும் திறப்பு விழாவும் நின்றுவிடும் என்பதை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை எடுத்துச் செய்யும்போது

கொடையாளர் 5 லட்சம் தருகிறார். ஊராட்சி ஒன்றிய மேற்பார்வையாளர் 5 லட்சத்துக்கு எஸ்டிமேட் போடுகிறார். இரண்டும் பொருந்துவதுபோலத் தோன்றும், பொருந்தாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. மேலே ஏறினால் 5,90,000. அந்த 90,000 ரூபாயை யார் தருவது என்பதில் வேலை கூரை மட்டத்தில் நிற்கும். 5 லட்சத்துக்குள் முடிய வேண்டுமானால் ஜி.எஸ்.டி. நீங்கலான வேலை மதிப்பு 4,23,729க்கு மேல் போகக் கூடாது. தொழிலாளர் நல நிதி 1 சதவீதமும் எதிர்பாராச் செலவும் சேர்த்தால் 4,10,000 பக்கம் நிறுத்துவது நல்லது. எஸ்டிமேட் கேட்கும்போதே மொத்தத் தொகை இவ்வளவு, எல்லாம் உட்பட என்று எழுதிக் கொடுங்கள்.

பில் தொகையும் காசோலைத் தொகையும் வேறுபடுவது இன்னொரு வழக்கமான சண்டை. ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும்போது வருமானவரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம், ஒப்பந்தம் 2.5 லட்சத்துக்கு மேல் என்றால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம். பயன்பாட்டுச் சான்றிதழில் காசோலைத் தொகையை மட்டும் காட்டினால் மீதி எங்கே என்று கொடையாளர் கேட்பார். முழு பில், பிடித்தங்கள், நிகரம் என மூன்று வரியாகக் காட்டி, பிடித்ததைக் கட்டிய செலான் நகலையும் இணையுங்கள். கேள்வியே வராது.

அரசும் மக்களும் சேர்ந்து செலவை ஏற்கும் நமக்கு நாமே திட்டத்தில் சேர்த்தால் கொடை பெருகும். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. 9 லட்ச ரூபாய் வேலைக்குக் கொடையாளர் 3 லட்சம் போட்டால் போதும். மதிப்பீட்டில் பாதிக்கு மேல் மக்கள் பங்காக இருந்தால், கொடுத்தவர்களே வேலையை எடுத்துச் செய்யவோ தங்களுக்கு விருப்பமானவர்களைக் கொண்டு செய்யவோ இடமுண்டு. தரம் பார்த்துக் கட்டிப் பழகிய குடும்பங்களுக்கு இது பிடிக்கும். ஆனால் அந்தத் திட்டம் சொத்து உருவாக்கத்துக்கு. சம்பளத்துக்கு அதில் வழியில்லை. எனவே கட்டடத்தை அதில் கட்டிவிட்டு, கொடையாளரிடம் மிச்சப்பட்ட பணத்தை மூன்று மாத இருப்புக்குத் திருப்பிவிடுவதுதான் சரியான சேர்க்கை.

கட்டடம் எல்லோருக்குமானதா என்பதைச் சாய்தளத்தில் பார்க்கலாம். இந்தப் பகுதியில் தரைமட்டத்தை உயர்த்திக் கட்டும் பழக்கம் உண்டு. மூன்றடி மேடு சாதாரணம். சாய்வு 1க்கு 12 இருக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு 10.8 மீட்டர் நீளம். 9 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போகக் கூடாது என்பதால் நடுவில் 1.5 மீட்டர் சமதளம். மேலும் கீழும் அதே அளவு. கூட்டினால் 15 மீட்டரைத் தாண்டும். மனையில் அவ்வளவு நீளம் இருக்காது, அதனால் திரும்பி ஏறும்படி மடித்துக் கட்ட வேண்டும். இதை வரைபடத்தில் வைக்காமல் கடைசியில் மீந்த இடத்தில் கொத்தனாரிடம் சொல்லிப் போடும் சாய்தளம் 1க்கு 4, 1க்கு 5 என்று வரும். பைக் ஏற்ற உதவும், சக்கர நாற்காலி ஏறாது. அகலம் குறைந்தது 1.2 மீட்டர், இரு பக்கமும் கைப்பிடி, சுமார் 70 சென்டிமீட்டரிலும் 90 சென்டிமீட்டரிலும் இரண்டு வரிசை. கதவின் தெளிந்த அகலம் 90 சென்டிமீட்டர். கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்; உள்ளே விழுந்தவரைத் தூக்க, உள்பக்கம் திறக்கும் கதவு உதவாது. ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசைப்படுவார்கள். கண்ணாடியின் மேல் வார்த்து எடுத்த வழவழப்பு அது, கூடத்தில் அழகு. சாய்தளத்திலும் கழிப்பறையிலும் ஈரம் பட்டால் ஆள் விழும். அங்கே சொரசொரப்பான கல் போதும்.

யாருக்கு?

ஏழைக் குடும்பங்களைக் கண்டறியும் மக்கள் நிலை ஆய்வுப் பட்டியல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் பட்டியல், அங்கன்வாடிப் பதிவேடு, வீடு தேடி வரும் மருத்துவப் பணியாளரின் குறிப்பேடு நான்கையும் ஒரு மேசையில் வைத்து ஒப்பிட்டால் முக்கால் பகுதி ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். மீதியில்தான் விஷயம் இருக்கிறது. அட்டை எடுக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக முடியாதவர்கள், வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட மனநலப் பாதிப்புள்ள பெண்கள், சொந்த வீட்டில் இடமில்லாமல் போன திருநங்கையர். இவர்களை கிராமசபையில் கைதூக்கச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. மகளிர் குழுக் கூட்டமைப்பில் தெருவுக்கு ஒருவர் நடந்து பார்த்துக் குறித்தால்தான் வரும்.

செட்டிநாட்டில் மட்டும் இன்னொரு கூட்டம் உண்டு. பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் வளவு வீட்டுக்குள் எழுபது எண்பது வயதில் தனியாக இருக்கும் ஆச்சிகள். வீட்டில் அவர்களுக்குப் பங்கு பதினாறில் ஒன்று. விற்கவும் முடியாது, ஓட்டை மாற்றவும் முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வீடு, எனவே ஏழைப் பட்டியலில் வர மாட்டார்கள். மானம் பார்த்துத் தாமாகக் கேட்கவும் மாட்டார்கள். அரசுத் தகுதிவிதியால் இவர்களைத் தொட முடியாது, கொடைப் பணத்தால் முடியும். முதியோர் சாப்பாட்டுத் திட்டத்தில் பத்தில் ஒரு இடத்தை அலுவலர், செவிலியர், கூட்டமைப்புத் தலைவி மூவர் சேர்ந்து தீர்மானிக்கும் இடமாக விட்டுவைத்தால் இந்த ஓட்டை அடைபடும். அதே வீடுகளின் பின்கட்டில் காவலுக்கு இருக்கும் குடும்பத்தின் முதியவரையும் அதே பட்டியலில் பாருங்கள்.

இடத் தேர்வு நுட்பமானது. கொடையாளர் கோயிலை ஒட்டிய தன் தெருவில் இடம் தருவார். அந்தத் தெருவுக்குள் காலனிப் பிள்ளைகள் தயங்காமல் வருவார்களா என்பதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு குடியிருப்புகளும் ஏற்கனவே வந்துபோகும் இடம் பள்ளி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம் பக்கம். அங்கே வைக்க முடியாதென்றால் அந்தக் கொடையை வேனுக்கு மாற்றிக் கேட்பது நல்லது.

பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டையே மையமாக வைத்துக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. நல்ல மனது, ஆனால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுகள் பட்டியல் மூன்றையும் பாருங்கள். தானமாக எழுதினால் இரு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும். வாடகையில்லாக் குத்தகை என்றாலும் ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு தேவை. 11 மாதத் தாளை நம்பி 4 லட்சத்துக்குக் கழிப்பறை கட்டினால், அடுத்த கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்று பங்காளி ஒருவர் வந்து நிற்பார்.

நடக்கிறதா என்று எப்படித் தெரியும்?

'15 குழந்தைகள் பயனடைந்தனர்' என்று எழுதும் அறிக்கையால் ஒன்றும் தெரியாது. வருகை நாளை எண்ணுங்கள். 15 பேர், 22 நாள், முழு வருகை என்றால் 330. 74,200ஐ அதனால் வகுத்தால் ஒரு பிள்ளை ஒரு நாளைக்குச் சுமார் 225 ரூபாய். வருகை 200ஆகக் குறைந்தால் அதே செலவில் 371 ரூபாய். அந்த எண் ஏறும் மாதத்தில் வேன் எந்தத் தெருவுக்குப் போகவில்லை, எந்தப் பிள்ளையின் அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார் என்று கேட்கப் போக வேண்டும். மழை மாதங்களில் குறைவது இயல்பு. தை பிறந்தும் ஏறவில்லை என்றால் எங்கோ கோளாறு.

கொடையாளர் போட்டோ கேட்பார். பிள்ளைகளின் முகம், ஆதார் எண், நோய் விவரம் எதையும் அனுப்பாதீர்கள். வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கை, செலவுச் சுருக்கம், பெற்றோர் சம்மதத்தோடு எடுத்த பொதுப் படம் போதும். நேரில் வர விரும்பினால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரட்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடச் சொல்ல வேண்டாம் என்பதையும் நாசூக்காகச் சொல்லிவிடலாம்.

பணியாளர்களை யார் நியமிப்பது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். தமிழ்நாட்டில் 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரம் கோர வழி செய்யும் சட்டம் 1981 முதல் இருக்கிறது. அது இந்த மையத்துக்குப் பொருந்துமா என்று நீதிமன்றத்தில் போய்த் தெரிந்துகொள்வதைவிட, சம்பளம் தருவது கூட்டமைப்பா அறக்கட்டளையா என்று முதல் நாளே எழுதுவது பணியாளருக்கும் நல்லது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போக வேண்டாம். 'சேவை மனப்பான்மை' என்று சொல்லி 5,000 ரூபாய்க்கு ஆள் வைத்த மையங்களில் ஆள் ஆறு மாதம் தங்காது; பேச்சு வராத பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு புதிய ஆசிரியர் என்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான். பிள்ளைகளோடு இருக்கும் எல்லோருக்கும், வேன் ஓட்டுநர் உட்பட, காவல்துறைச் சரிபார்ப்பு.

கடைசியாக, விலகும் விதி. கொடையாளர் நிறுத்த விரும்பினால் ஆறு மாத முன்னறிவிப்பு; அந்த ஆறு மாதப் பணத்தில் இருப்பில் உள்ள மூன்று மாதத்தைக் கழிக்கக் கூடாது என்று தனி வரியாக எழுதுங்கள். உபகரணங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து யாருடையவை, வேனை விற்றால் பணம் எந்தக் கணக்குக்கு, பெயர்ப்பலகை எத்தனை ஆண்டு இருக்கும் என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். பலகை பற்றித்தான் அதிகம் பேரம் நடக்கும். கொடையாளர் பெயர் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதன் கீழே மையம் திறக்கும் நேரம், வேன் வரும் நேரம், புகாருக்கு அழைக்க வேண்டிய அலுவலக எண் மூன்றும் தெருவிலிருந்து படிக்கிற அளவில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.